மென்டர் என்ன செய்ய முடியும்?

முதலீட்டாளரிடம் காட்டுவதற்காக ஒரு ஸ்டார்ட்அப் தயாரிக்கும் பிட்ச் டெக்கில், கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு ஸ்லைடு இருக்கும். 'எங்கள் ஆலோசகர்கள்' என்ற தலைப்பின் கீழ் ஐந்தாறு வட்டப் படங்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒருவர், அமெரிக்காவில் பெரிய கம்பெனியில் துணைத் தலைவராக இருப்பவர் ஒருவர். இவர்களில் யார் யாரெல்லாம் சென்ற மாதம் நிறுவனரோடு உட்கார்ந்து பேசினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மழுப்பலான பதில்தான் வரும். இன்குபேட்டர், அரசுத் திட்டம், முன்னாள் மாணவர் சங்கம் என எங்கு போனாலும் இன்று ஒரு மென்டர் பட்டியல் கிடைக்கிறது. தமிழக அரசின் ஸ்டார்ட்அப்டிஎன் அமைப்பும் நிறுவனர்களை மென்டர்களோடு இணைக்கத் தனியாக ஒரு தளம் வைத்திருக்கிறது. பட்டியலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இதனால் நிறுவனங்கள் உண்மையிலேயே பிழைக்கின்றனவா? பிழைக்கின்றன என்றால், எந்த மாதிரி வழிகாட்டலால்? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இதைப் பற்றிச் சில நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவை சொல்வதும் நாம் வழக்கமாக நம்புவதும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1976-ன் பிற்பகுதியில் ஸ்டீவ் ஜாப்ஸின் வீட்டு கராஜுக்கு மைக் மார்க்குலா வந்தபோது அவருக்கு வயது 34. இன்டெல்லில் மார்க்கெட்டிங் பார்த்து, பங்குகளில் சம்பாதித்து, அந்த வயதிலேயே வேலையை விட்டிருந்தார். முதலீடும் கடனுமாக 2,50,000 டாலருக்கு வழிசெய்து, ஆப்பிளில் சுமார் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார். வணிகத் திட்டம் எழுத உதவினார், கம்பெனியை நடத்த மைக்கேல் ஸ்காட்டை அழைத்து வந்தார், மார்க்கெட்டிங் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ஜாப்ஸுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்தவர் என்றே பலரும் எழுதியிருக்கிறார்கள். 1985-ல் ஜாப்ஸுக்கும் அப்போதைய சி.இ.ஓ. ஜான் ஸ்கல்லிக்கும் மோதல் வந்தபோது மார்க்குலா நின்றது ஸ்கல்லியின் பக்கம். கதையின் இந்தப் பாதியை மென்டர் மேடைகளில் அதிகம் சொல்வதில்லை.

பில் கேம்பெல் கதை இதைவிடப் பிரபலம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். அங்கே அவர் அணி வென்றதைவிடத் தோற்றதே பல மடங்கு. பிறகு விளம்பரத் துறை, கோடாக், ஆப்பிள். பேனாவால் எழுதி இயக்கும் கணினியை உருவாக்க வந்த கோ கார்ப்பரேஷனுக்குத் தலைமை ஏற்றார், அது கரைசேரவில்லை. அடுத்து இன்ட்யூட்டின் சி.இ.ஓ. அதன்பிறகுதான், 2000-களில், கூகுளின் எரிக் ஷ்மிட்டுக்கும் லேரி பேஜுக்கும் கோச் ஆனார். முதலீட்டாளர் ஜான் டோயர் இந்த யோசனையைச் சொன்னபோது, இவ்வளவு அனுபவம் உள்ள தனக்கு எதற்குக் கோச் என்றுதான் ஷ்மிட்டுக்குத் தோன்றியதாம். கேம்பெல் 2016-ல் காலமானார். மூன்று ஆண்டுகள் கழித்து ஷ்மிட்டும் சகாக்கள் இருவரும் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். அதில் தொழில்நுட்பம் பற்றிய அறிவுரை மிகக் குறைவு. கூட்டத்தை எப்படி நடத்துவது, ஒருவரை மரியாதையோடு எப்படி வேலையிலிருந்து அனுப்புவது, மூத்த அதிகாரிகள் இருவர் முட்டிக்கொண்டால் என்ன செய்வது, இப்படிப்பட்ட சங்கதிகள்தான் பக்கத்துக்குப் பக்கம்.

சிலிக்கான் பள்ளத்தாக்கின் இந்தியர்களும் தங்களுக்கென்று இதே போன்ற ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். இந்தியர் நல்ல பொறியாளர், நிர்வாகத்துக்கு ஆகமாட்டார் என்ற எண்ணம் முதலீட்டாளர்களிடம் ஊறிப்போயிருந்த காலம் அது. எக்ஸலான் நிறுவனத்தைப் பங்குச் சந்தைவரை கொண்டுபோன கன்வல் ரேக்கி, சிரஸ் லாஜிக்கின் சுகாஸ் பாட்டீல் முதலியோர் சேர்ந்து 1992-ல் 'டை' அமைப்பைத் தொடங்கினார்கள். ரேக்கி கைதூக்கிவிட்ட நிறுவனங்களில் ஒன்று எக்ஸோடஸ் கம்யூனிகேஷன்ஸ். அதன் நிறுவனர்களில் ஒருவரான கே.பி. சந்திரசேகர் சென்னை எம்.ஐ.டி.யில் படித்தவர். குரோம்பேட்டையில் அந்த வளாகத்திலேயே இருக்கும் ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையத்தின் பெயரில் உள்ள கே.பி.சி. இவர்தான். எக்ஸோடஸ் 1998-ல் பங்குச் சந்தைக்கு வந்தது, டாட்காம் குமிழி உடைந்தபின் 2001-ல் திவாலானது. நல்ல வழிகாட்டி கிடைத்துவிட்டால் சந்தை இரக்கம் காட்டும் என்று பொருளில்லை.

இந்தக் கதைகள் எல்லாம் உண்மை. ஆனால் இவற்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஜெயித்தவர்களின் வழிகாட்டிகளைப் பற்றித்தான் புத்தகம் வருகிறது. மூடிய கம்பெனிகளின் மென்டர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதோடு, நல்ல மென்டர் நல்ல நிறுவனரைத் தேடிப் பிடிக்கிறார். பிறகு அந்த நிறுவனம் வளர்ந்தால், அது வழிகாட்டலால் வளர்ந்ததா, அவர் இல்லாமலேயே வளர்ந்திருக்குமா என்று எப்படிச் சொல்வது? இதைப் பிரித்துப் பார்க்க நம்பகமான வழி, யாருக்கு யார் ஆலோசனை சொல்வது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது.

இந்தியாவில் நடந்த சோதனை

அப்படி ஒரு சோதனை இந்திய நிறுவனங்களை வைத்தே நடந்தது என்பது நம் ஊர் ஸ்டார்ட்அப் மேடைகளில் அதிகம் பேசப்படாத செய்தி. சட்டர்ஜி, டெலிகோர்ட், ஹசன், கோனிங் ஆகிய நால்வர் நடத்திய அந்த ஆய்வு 2019-ல் வெளியானது. வேகமாக வளரத் துடிக்கும் 100 தொழில்நுட்ப நிறுவனங்களின் நிறுவனர்கள் ஒரு முகாமில் கூடினார்கள். யாரோடு யார் என்பது குலுக்கலில் முடிவானது. ஒருவருக்கொருவர் தங்கள் கம்பெனியை எப்படி நடத்துகிறார்கள் என்று பேசி ஆலோசனை சொல்லிக்கொண்டார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். ஒழுங்காகக் கூட்டம் போடுவது, இலக்கு வகுப்பது, ஊழியர்களுக்கு அடிக்கடி கருத்துச் சொல்வது என்று முறையாக ஆட்களை நிர்வகிக்கும் ஒருவரோடு ஜோடி சேர்ந்தவர்களின் நிறுவனம், 'ஆட்கள் தானாகப் பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்டுவிடும் ஒருவரோடு ஜோடி சேர்ந்தவர்களின் நிறுவனத்தைவிட 28% பெரிதாக வளர்ந்திருந்தது. மூடிப்போகும் வாய்ப்பும் 10 சதவீதப் புள்ளிகள் குறைவு. ஏற்கெனவே எம்.பி.ஏ. படித்தவர்கள், ஆக்சிலரேட்டரில் இருந்து வந்தவர்கள் ஆகியோரிடம் இந்த வித்தியாசம் தென்படவில்லை. அவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல போலும்.

ஆலோசனை சொன்னவர்கள் யாரும் கேம்பெல் அல்ல. இன்னொரு நிறுவனர், அவ்வளவுதான். சொன்னதும் பெரிய வியூகம் அல்ல. திங்கட்கிழமை கூட்டம், மாத இலக்கு, நேருக்கு நேர் பேச்சு. தொழில்நுட்பம் தெரிந்த இளைஞர்கள் கம்பெனி தொடங்கும்போது தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். முதல் ஊழியன் கல்லூரி நண்பன், ஹாஸ்டல் அறையில் கூட இருந்தவன். கோடு எழுதுவதில் கெட்டிக்காரன். இப்போது அவனுக்குக் கீழே நான்கு பேர். அவனுக்கு அவர்களை மேய்க்கத் தெரியவில்லை, இருவர் வேலையை விட்டுவிட்டார்கள். நிறுவனர் மென்டரிடம் வந்து பேசுவதோ சந்தை அளவைப் பற்றி. மென்டர் விவரம் தெரிந்தவராக இருந்தால், "அந்த ரெண்டு பேர் ஏன் போனாங்க? உங்க ஃப்ரெண்டுகிட்ட உட்கார்ந்து பேசுனீங்களா?" என்று கேட்பார். "இல்ல சார், அவன்கிட்ட எப்படி சார்..." என்று இழுக்கும்போதுதான் அந்த மாதத்தின் உண்மையான பிரச்சினை மேசைக்கு வருகிறது.

கென்யாவில் நடந்த இன்னொரு சோதனை தொழில்நுட்பத்தைச் சேர்ந்தது அல்ல, ஆனால் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. நைரோபியின் டண்டோரா பகுதியில் சிறு வியாபாரம் செய்யும் இளம்பெண்கள் சிலருக்கு வகுப்பறைப் பயிற்சி தரப்பட்டது. வேறு சிலருக்கு, அதே பகுதியில் பல ஆண்டுகளாகக் கடை நடத்தி நல்ல லாபம் பார்க்கும் ஒரு பெண் வழிகாட்டியாக அமைந்தார். வகுப்பில் படித்தவர்களின் லாபம் கூடவில்லை. வழிகாட்டி கிடைத்தவர்களின் லாபம் சராசரியாக 20% கூடியது. காரணம், எந்த மொத்த வியாபாரியிடம் சரக்கு மலிவு என்பது அந்த மூத்த வியாபாரிக்குத் தெரியும். பாடப் புத்தகத்துக்குத் தெரியாது. சந்திப்புகள் நின்றபிறகு அந்த லாபமும் மெல்லத் தேய்ந்தது. 2018-ல் வெளியான இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிப் பகுதிதான். மென்டர் ஒருமுறை போடும் தடுப்பூசி அல்ல.

சிலி அரசு 2010-ல் தொடங்கிய ஸ்டார்ட்அப் சிலி திட்டத்தைப் பற்றிய ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. அங்கே பங்கு எதுவும் வாங்காமல் பணமும் உட்கார இடமும் கொடுத்தார்கள். அவை மட்டும் கிடைத்த நிறுவனங்களிடம் குறிப்பிடும்படி முன்னேற்றம் இல்லை. அவற்றோடு வழிகாட்டலும், 'போன மாதம் சொன்னதைச் செய்தீர்களா' என்று குறித்த இடைவெளியில் வரும் கேள்வியும் சேர்ந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. நம் ஊரில் இன்குபேட்டர் என்றால் முதலில் கட்டடம் கட்டுகிறோம். கட்டடத்துக்குத் திறப்பு விழா வைக்கலாம், கேள்வி கேட்பதற்கு வைக்க முடியாது.

அமெரிக்காவில் ஒரு சுவாரஸ்யமான ஆய்வு விமானப் பாதைகளைக் கையில் எடுத்தது. முதலீட்டாளர் இருக்கும் ஊருக்கும் நிறுவனம் இருக்கும் ஊருக்கும் இடையே நேரடி விமானம் புதிதாக வந்து பயண நேரம் குறைந்தபோது, அந்த நிறுவனங்களின் காப்புரிமைகளும் பங்குச் சந்தைக்குப் போகும் வாய்ப்பும் கூடின. முதலீட்டாளரும் பணமும் முன்பு இருந்தவையே. மாறியது, நேரில் வந்து பார்ப்பது எளிதானது மட்டும்.

பதில் தெரியாத நிபுணர்

அப்படியானால் மென்டருக்கு எது ஓடும், எது ஓடாது என்று தெரியுமா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2000-ல் தொடங்கிய வழிகாட்டல் சேவையில், ஒருவர் மட்டும் அல்லாமல் பல மென்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து நிறுவனரிடம் பேசுகிறார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் அங்கேயே மறுக்கலாம். அந்த மென்டர்களின் கணிப்புகளை வைத்து நடந்த ஆய்வில் ஒரு வேடிக்கையான முடிவு கிடைத்தது. மருத்துவக் கருவி, எரிசக்தி, வன்பொருள் போன்ற துறைகளில் எழுத்தில் உள்ள யோசனையை வைத்தே அவர்களால் நல்லதை ஓரளவு கண்டுபிடிக்க முடிந்தது. மென்பொருளில் அது பலிக்கவில்லை.

வீடுகளை வாடகைக்கு விட உதவும் தளமான ஏர்பிஎன்பி இதற்குப் பொருத்தமான உதாரணம். 2009-ன் தொடக்கத்தில் ஒய் காம்பினேட்டர் என்ற ஆக்சிலரேட்டரில் சேர்ந்தபோது அந்த யோசனையே அதை நடத்திய பால் கிரகாமுக்குப் பிடித்திருக்கவில்லை, ஆட்களைப் பிடித்திருந்தது. உங்கள் வாடிக்கையாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். நியூயார்க்கில் என்றார்கள். பிறகு இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள், அங்கே போங்கள் என்றார். போய்ப் பார்த்தபோது, வீடுகளின் படங்கள் மோசமாக இருப்பதால்தான் யாரும் பதிவு செய்யவில்லை என்பது தெரிந்தது. கேமராவை வாடகைக்கு எடுத்து நிறுவனர்களே வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தார்கள். யோசனையைப் பற்றிய மென்டரின் கணிப்பு தவறு, அவர் கேட்ட கேள்வி சரி. எதிர்காலத்தைக் கணிப்பதைவிட, நிறுவனர் தவிர்க்கும் இடத்துக்கு அவரை அனுப்பி வைப்பதில்தான் மென்டரின் பயன் இருக்கிறது.

தவிர்க்கும் இடம் சில நேரம் திசையை மாற்றுவதாகவும் இருக்கும். 116 இத்தாலிய ஸ்டார்ட்அப்களை வைத்து நடந்த சோதனையில், தங்கள் யோசனையை விஞ்ஞானி போலச் சோதித்துப் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள் திசையை மாற்றுவது கூடுதலாக இருந்தது. அவர்களின் வருமானமும் கூடுதல். எத்தனை நிறுவனங்கள் பிழைத்திருக்கின்றன என்று மட்டும் எண்ணும் இன்குபேட்டர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பங்கும் பாசமும்

மார்க்குலா கதைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. வழிகாட்டியும் முதலீட்டாளரும் ஒரே ஆளாக இருந்தால், நிறுவனருக்கு நல்லதும் நிறுவனத்துக்கு நல்லதும் பிரியும் நாளில் அவர் யார் பக்கம்? நோவம் வாசர்மேன் 212 அமெரிக்க ஸ்டார்ட்அப்களை ஆராய்ந்து 2008-ல் எழுதியபடி, நிறுவனம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆவதற்குள் பாதி நிறுவனர்கள் சி.இ.ஓ. நாற்காலியில் இல்லை. நாற்காலியை எடுக்கும் உரிமை உள்ளவரிடம் 'எனக்கு இந்த வேலை தெரியவில்லை, பயமாக இருக்கிறது' என்று எந்த நிறுவனரும் வாய் திறக்கமாட்டார். அந்த வாக்கியத்தைச் சொல்ல முடிகிற ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். அவர் முதலீட்டாளராக இல்லாமல் இருப்பது நல்லது.

விதிவிலக்கு உண்டு. 2005-ல் வாஷிங்டன் போஸ்ட்டின் டான் கிரகாம் ஃபேஸ்புக்கில் முதலீடு செய்வதாக மார்க் ஸக்கர்பெர்கோடு வாய்மொழியாகப் பேசி முடித்திருந்தார். பிறகு ஆக்செல் நிறுவனம் அதைவிடப் பெரிய தொகையோடு வந்தது. ஸக்கர்பெர்க் தர்மசங்கடத்தில் கிரகாமை அழைத்து, நிலைமையைச் சொன்னார். கிரகாம் அவரைக் கொடுத்த வாக்கிலிருந்து விடுவித்தார். உறவு முறியவில்லை, 2009 முதல் கிரகாம் ஃபேஸ்புக் போர்டில் உட்கார்ந்தார். பணத்தை இழந்து நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ளும் முதலீட்டாளர்கள் அபூர்வம் என்பதால்தான் இது இன்னும் பேசப்படுகிறது.

ஆலோசனைக்குப் பங்கு கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபவுண்டர் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தத்தில், தொடக்க நிலையில் ஆலோசகருக்கு 0.25% முதல் 1% வரை. அதுவும் இரண்டு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். நம் ஊரில் ஒரு காபிக்கும் இரண்டு அறிமுகத்துக்கும் ஐந்து சதவீதம் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த சுற்று முதலீட்டில் முழிப்பவர்கள் உண்டு.

பெரிய பெயர்கள் காப்பாற்றாது என்பதற்குத் தெரனோஸ் போதும். ரத்தப் பரிசோதனை செய்யும் கம்பெனியின் போர்டில் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஜார்ஜ் ஷல்ட்ஸும் ஹென்றி கிஸ்ஸிங்கரும் இருந்தார்கள். ஆய்வகம் தெரிந்தவர்கள்தான் தேவைப்பட்டார்கள். இந்தியாவில் இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ். 2023 ஜூனில் முதலீட்டாளர்களின் பிரதிநிதிகளான போர்டு உறுப்பினர்களும் தணிக்கையாளரும் விலகியபிறகு, ஜூலையில் ஸ்டேட் வங்கியின் முன்னாள் தலைவர் ரஜ்னீஷ் குமாரும் இன்ஃபோசிஸின் முன்னாள் நிதித் தலைவர் மோகன்தாஸ் பையும் ஆலோசனைக் குழுவுக்கு வந்தார்கள். ஓராண்டில் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த மாதமே நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. வீடு பற்றியெரியும்போது வரும் ஆலோசகர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

சென்னையில்

சென்னையின் மென்பொருள் நிறுவனங்கள் வளர்ந்த விதம் மேற்சொன்ன ஆய்வுகளோடு நன்றாகப் பொருந்துகிறது. 1996-ல் தொடங்கி வெளி முதலீடே வாங்காமல் வளர்ந்தது ஜோஹோ. அங்கே வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி 2021 செப்டம்பரில் அது நாஸ்டாக்கில் ஏறியது. சென்னையிலிருந்து அமெரிக்க வாடிக்கையாளருக்கு இரவு நேரத்தில் மென்பொருள் விற்பது எப்படி என்பதை அவர் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. பக்கத்து மேசையில் பார்த்தார். பிறகு சாஸ்பூமி என்ற கூட்டமைப்பில் நிறுவனர்களே நிறுவனர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் வேர்பிடித்தது. டண்டோராவின் மொத்த வியாபாரி விலைபோல, எந்த விலையில் விற்கலாம், அமெரிக்காவில் முதல் விற்பனை ஆளை எப்போது எடுக்கலாம் என்பதெல்லாம் ஓராண்டு முன்னால் போனவருக்குத்தான் தெரியும்.

ராக்கெட் செய்பவர்களுக்கு இது போதாது. அக்னிகுல் நிறுவனத்துக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் சத்யநாராயணன் சக்ரவர்த்தியும், இஸ்ரோவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களும் தேவைப்பட்டார்கள். பலமுறை தள்ளிப்போன அதன் முதல் சோதனை ராக்கெட் 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. எரிதலின் இயற்பியல் தெரிந்த பெரியவர் இல்லாமல் அந்தத் துறையில் ஓரடி வைக்க முடியாது. எம்.ஐ.டி. ஆய்வு சொன்ன வித்தியாசமும் இதுவே. ஆழமான தொழில்நுட்பத்தில் நிபுணர் கண் வேண்டும். மென்பொருளில் சக பயணி வேண்டும்.

நமக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. இருபத்தைந்து வயது நிறுவனருக்கு அறுபது வயது மென்டர் 'சார்'. சாரிடம் 'நீங்கள் சொன்னது எங்களுக்குப் பொருந்தவில்லை' என்று சொல்லும் பழக்கம் நம் பள்ளிக்கூடத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை. தலையாட்டிவிட்டு வந்து, செய்யாமல் விட்டுவிட்டு, அடுத்த சந்திப்பைத் தவிர்ப்பார்கள். டெக்ஸ்டார்ஸ் போன்ற திட்டங்களில் முதல் சில வாரங்களிலேயே வரிசையாகப் பல மென்டர்களைச் சந்தித்து, ஒன்றுக்கொன்று முரணான அறிவுரைகளைக் கேட்டுத் தலைசுற்றிப் போகிறவர்கள், எதை விடுவது என்றாவது கற்றுக்கொள்கிறார்கள். இங்கே அந்தப் பயிற்சியும் குறைவு. தன்னைவிட ஓரிரு ஆண்டு மூத்த நிறுவனரிடம் பேசும்போது இந்தக் கூச்சம் பாதியாகிவிடும் என்பதும் சக நிறுவனர் வழியின் ஒரு லாபம்.

நிறுவனர்களுக்கு என் பரிந்துரை இதுதான். ஆலோசகர் ஸ்லைடில் இருக்கும் ஐந்து பேரில், போன காலாண்டில் உங்களோடு பேசாதவர்களின் படத்தை எடுத்துவிடுங்கள். உங்களைவிட ஓரிரு ஆண்டு முன்னால் இருக்கும் ஒரு நிறுவனரை மாதம் ஒருமுறை தவறாமல் சந்தியுங்கள். அவர் தன் ஆட்களை எப்படி நடத்துகிறார் என்பதை முதலில் கேளுங்கள். இன்குபேட்டர்களுக்கும் அரசுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டறிக்கையில் எத்தனை மென்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்று போடுவதை நிறுத்திவிட்டு, எத்தனை நிறுவனர்கள் ஒரே மென்டரை ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து சந்தித்தார்கள் என்ற கணக்கைப் போடுங்கள்.